ஈரத்தோடு ஏறியவர்கள்

கயிறு கட்டி இழுத்து வரப்பட்ட கார், ஜெய்னுலாபுதீன் சாவியைப் போட்டுத் திருப்பியதும் ஒரே உறுமலில் ஸ்டார்ட் ஆனது. மீட்டர் போர்டில் முள்ளெல்லாம் ஒருமுறை துள்ளி எழுந்து தத்தம் இடத்தில் போய் நின்றன. டீசல் அரை டேங்க் இருந்தது. எச்சரிக்கை விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. பால்சாமிக்கு இதைவிடக் கெட்ட சேதி வேறு எதுவும் இருந்திருக்க முடியாது.

"பாத்தீகளா பாய்?" என்றார் மருதுபாண்டி. பட்டறை வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற அவர், பால்சாமியின் செத்துப்போன பெண்டாட்டி வீரலட்சுமியின் அண்ணன். "கேட்டுல வண்டி நின்னுபோச்சு, எம்புட்டோ முக்கியும் கெளம்பலன்னு இவன் சொன்னான். இந்தா, குதிரை கணக்கா நிக்கிது. எந்தங்கச்சி மட்டும்தான் எந்திரிக்கல."

பால்சாமி தாடி முளைத்த முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, ஓடும் என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தான். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவன் அவன். தன் வண்டியை ஒருவன் அப்படிப் பார்த்து ஜெய்னு பார்த்ததில்லை. கூட இருந்தே கழுத்தை அறுத்தவனைப் பார்க்கிற பார்வை அது.

நடந்தது இதுதான். ஆடி அமாவாசைக்கு மறுநாள் சாயங்காலம், உச்சிப்புளிக்குத் தெற்கே தன் வீட்டுப் பின்னால் கருவேல விறகு அடுக்கிக்கொண்டிருந்த வீரலட்சுமியைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. பால்சாமி அவளைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு விரட்டினான். வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. கேட்டில் நின்றால் என்ஜினை அணைப்பது எல்லா டிரைவருக்கும் கைப்பழக்கம். அந்தப் பதற்றத்திலும் அவன் கை பழக்கம் மாறாமல் அணைத்துவிட்டது. ரயில் போய், கேட் திறந்து, சாவியைத் திருப்பினால் மீட்டர் போர்டு மொத்தமும் செத்துக் கிடந்தது. சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் மினுக் மினுக்கென்று அடித்தது. ஆட்கள் தள்ளிப் பார்த்தார்கள். பிறகு மீன் ஏற்றி வந்த வேன் ஒன்றை மறித்து ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவளுக்கு உயிர் இல்லை.

அதோடு போயிருந்தாலாவது துக்கம் துக்கமாக இருந்திருக்கும். மறுநாள் காரை ஓரங்கட்டி வைத்த யாரோ விளையாட்டாகச் சாவியைத் திருப்பியிருக்கிறான், கிளம்பிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? புருஷன் பெண்டாட்டிக்குள் போன மாசம் சண்டையாமே, சத்தம் தெரு வரைக்கும் கேட்டதாமே என்று ஆரம்பித்து, வண்டி நிற்கவே இல்லை, இவன்தான் நிறுத்தினான் என்பது வரை போய்விட்டது பேச்சு. மருதுபாண்டி தன் தங்கச்சி மகள் கனகலட்சுமியைக் கையோடு உப்பூருக்குக் கூட்டிப்போய்விட்டார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. இன்றைக்குக் காரைக் கிளப்பாமல் கயிறு கட்டி இழுத்து வந்து பட்டறையில் விடச் சொன்னவரும் அவர்தான்.

"நெசமாவே வண்டி நின்னுச்சுன்னு நீங்க என் கண்ணுக்கு முன்னால காட்டுங்க பாய். நாளைக்கே புள்ளையக் கொண்டாந்து அவன்கிட்ட விடுறேன். காட்ட முடியலையா, அவன் எங்க வாசப்படிய மிதிக்கக் கூடாது. புள்ளைய மறந்துர வேண்டியதுதான்."

"கோளாறு நம்ம கூப்பிட்ட நேரத்துக்கு வராதுண்ணே," என்றார் ஜெய்னு.

"சாவு மட்டும் வந்துச்சுல்ல?"

ஜெய்னு உள்ளே போய், வண்டிக் கோளாறைப் படிக்கிற ஸ்கேனரை எடுத்துவந்தார். சார்ஜாவில் பல வருஷம் வண்டி ஒயரிங் பார்த்துவிட்டு வந்து உச்சிப்புளி ரோட்டோரம் பட்டறை போட்டவர். நாக்கில் முள் உள்ளவர் என்று பெயர். முழுசாகச் செத்த வண்டியைக் கொண்டுவந்தால் சிரித்த முகத்தோடு வாங்குவார். வந்து வந்து போகிற கோளாறு என்றால் அவர் முகம் கடுகடுக்கும். ஆனால் வீரலட்சுமியை அவருக்குத் தெரியும். பெருநாளுக்குப் பெருநாள் பால்சாமியோடு வந்து, அவர் பெண்டாட்டி சூஃபியா கொடுக்கிற பிரியாணியைத் தூக்குச்சட்டியில் வாங்கிப்போகிற பெண். அவள் மவுத்தாகிவிட்டாள் என்று கேட்ட அன்று சூஃபியா அடுப்பே பற்றவைக்கவில்லை.

ஸ்கேனரை மாட்டினார். திரையில் வரிசையாகப் பழைய கோளாறுகள் விழுந்தன. மீட்டர் போர்டோடு தொடர்பு இல்லை, என்ஜின் பெட்டியோடு தொடர்பு இல்லை, சாவியைச் சரிபார்க்கிற பெட்டியோடு தொடர்பு இல்லை. ஜெய்னு மருதுபாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பழைய காலத்து வண்டின்னா வெளக்குக்கு ஒரு ஒயரு, முள்ளுக்கு ஒரு ஒயருன்னு தனித்தனியாப் போகும்ணே. இப்ப அப்படி இல்ல. வண்டிக்குள்ள இருக்கிற பொட்டி அம்புட்டும் ரெண்டே ரெண்டு ஒயருல பேசிக்கிரும். ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிட்டு வண்டி பூராம் ஓடும். அந்த ரெண்டும் எங்கயாச்சும் ஒட்டிக்கிட்டா ஒரு பொட்டி பேசுறது இன்னொரு பொட்டிக்குக் கேக்காது. மீட்டர் போர்டு செத்துரும். இது நம்ம சாவிதானான்னு என்ஜினுக்குத் தெரியாது. திருட்டு வண்டின்னு நெனச்சுக்கிட்டு அது கெளம்பவே கெளம்பாது. தள்ளுனாலும் கெளம்பாது."

மருதுபாண்டி திரையை உற்றுப் பார்த்தார். "இது எப்ப விழுந்த கோளாறு? அன்னைக்குத்தானா?"

"தேதி இதுல வராதுண்ணே."

"அப்ப இது போன வருசத்துக் கதையாவும் இருக்கலாம்."

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. அதுதான் ஜெய்னுவுக்கு எரிச்சலாக இருந்தது.

பதறாத காரியம் சிதறாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலையில் இறங்கினார். பேட்டரியைக் கழற்றி, அந்த இரண்டு ஒயருக்கும் நடுவே மீட்டரை வைத்தார். அறுபது ஓம்ஸ், இருக்க வேண்டியது அதுதான். ஒவ்வொரு பெட்டியின் பிளக்கையும் பிடுங்கிப் பார்த்து மாட்டினார். ஸ்டியரிங்குக்குக் கீழே தலைகீழாகப் படுத்து ஒயர்க் கற்றையை ஆட்டினார், இழுத்தார், தட்டினார். என்ஜினைச் சூடேற்றினார். மண்டபம் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பினார். பின் சீட்டில் மச்சானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வழியில் வேண்டுமென்றே நிறுத்தி, அணைத்து, மறுபடி கிளப்பினார். கார் புது மாப்பிள்ளை மாதிரி ஒழுக்கமாக நடந்துகொண்டது.

திரும்பி வந்து இறங்கியதும் பால்சாமி பட்டறைப் பின்சுவரோரம் போய் நின்று, கிழக்கே பார்த்துக் கைகூப்பினான். உதடு அசைந்தது. தன் வண்டி கெட்டுப்போக வேண்டும் என்று ஒரு டிரைவர் சாமி கும்பிட்டதை ஜெய்னு அன்றுதான் பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

"நின்னுச்சுண்ணே," என்றான் அருகே வந்து, மெல்ல. "எம்புள்ள மேல சத்தியமா நின்னுச்சு. நீங்களாச்சும் நம்புறீகளா?"

"நம்புறேன்டா."

"நான் அணைக்காம இருந்திருந்தா ஓடிக்கிட்டே இருந்திருக்கும்ல?"

ஜெய்னு ஸ்பானரைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டார். ஆமாம் என்பதுதான் பதில். ஓடுகிற என்ஜின் இந்தக் கோளாறில் உடனே நிற்காது. அணைத்தால்தான் திரும்ப எழாது.

வெயில் சாய்ந்தது. ராமேஸ்வரம் பக்கமிருந்து கடல்காற்று ஏறத் தொடங்கியது. மருதுபாண்டி செல்போனில் பஸ் நேரம் விசாரித்துவிட்டு, "சரி பாய், போதும். நீங்க உங்களால ஆனதப் பாத்துட்டீக" என்றார். குரலில் ஜெயித்த தொனி இல்லை. உண்மையைச் சொன்னால், மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை என்று யாராவது நிரூபித்துவிட மாட்டார்களா என்று அவரும்தான் காலையிலிருந்து காத்திருந்தார் என ஜெய்னுவுக்குத் தோன்றியது. பால்சாமி சட்டென்று நகர்ந்து போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

"கடைசியா ஒரு தடவை," என்றார் ஜெய்னு. "அண்ணே, நீங்க இப்படி முன்னால ஏறுங்க. நான் சாவியப் போடுறேன், நீங்க உங்க கண்ணால மீட்டர் போர்டப் பாத்துக்கிட்டே இருங்க. அப்புறம் போங்க."

ஜெய்னு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கிளப்பினார். மருதுபாண்டி சலிப்போடு இடது முன் சீட்டில் ஏறி, எட்டிப் பார்க்க வசதியாகக் காலை ஊன்றி முன்னால் சாய்ந்தார். ஏறிய முள்ளெல்லாம் ஒரே நேரத்தில் கீழே விழுந்தன. எண்கள் மறைந்தன. இருட்டான கண்ணாடிக்குள் சிவப்புச் சாவி மினுக்க ஆரம்பித்தது.

ஜெய்னு என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பச் சாவியைத் திருப்பினார். அசைவே இல்லை.

"அண்ணே, காலை எடுக்காதீங்க," என்றார். திரும்பவும் முயன்றார். இல்லை. "இப்ப மெதுவா எடுங்க."

மருதுபாண்டி காலைத் தூக்கினார். ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு விளக்குகள் தயங்கித் தயங்கி உயிர்பெற்றன. திருப்பியதும் கார் கிளம்பியது.

"மிதிங்க."

மிதித்தார். மீட்டர் போர்டு செத்தது.

"நின்னுச்சா?" என்று கதவருகே ஓடிவந்த பால்சாமி கேட்டான். "மச்சான், நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு மாப்ள," என்றார் மருதுபாண்டி. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வார்த்தையால் அவனைக் கூப்பிட்டார். "நின்னுச்சுப்பா. நான் பாத்தேன்."

அத்தோடு விட்டிருக்கலாம். ஜெய்னுவுக்கு எத்தனையோ தடவை பிறகு அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனால் கோளாறு இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவரால் ஆகாது. மருதுபாண்டியைக் காலைத் தூக்கிக்கொள்ளச் சொல்லி, அவர் காலடியில் கிடந்த ரப்பர் மேட்டை உருவினார். மேலே காய்ந்து கிடந்தது. அடியில் இருந்த கம்பளி விரிப்பு, அத்தனை வெயிலில் நின்ற வண்டியில், இன்னும் ஈரமாக இருந்தது. ஓரமெல்லாம் உப்பளத்துப் பாத்தி மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. விரிப்பை அறுத்துத் தூக்கினார். அடியில், முறுக்கிய அந்த இரண்டு ஒயர்களும் கிளை பிரிகிற ஜாயிண்ட்டில் டேப் ஊறிப் பிரிந்து, செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. காலால் மிதித்தால் ஈர விரிப்பு அதன்மேல் அழுந்தும். இரண்டு ஒயரையும் ஒட்டவைக்க அது போதும்.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "கடல் தண்ணி," என்றார். "எப்படிடா பாலு கடல் தண்ணி உள்ள வந்துச்சு?"

மருதுபாண்டி குனிந்து விரிப்பின் மடிப்பிலிருந்து எதையோ நகத்தால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கறுப்பாக, பொடிப்பொடியாக. எள்ளு.

ஜெய்னுவுக்கு அப்போதுதான் விளங்கியது. அமாவாசைக்கு அமாவாசை பால்சாமிக்கு ராமேஸ்வரம் சவாரி. அக்கினி தீர்த்தத்தில் முழுகி, செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணியும் இறைத்துவிட்டு வருகிறவர்களைச் சொட்டச் சொட்ட எந்த டிரைவரும் ஏற்ற மாட்டான். துணி மாற்றிக்கொண்டு வா என்பான், இல்லையென்றால் சீட்டில் தார்ப்பாய் விரிப்பான். பால்சாமி வண்டியில் மட்டும் ஈரத்தோடு ஏறலாம். அதற்காகவே அவனைத் தேடி வருகிறவர்கள் உண்டு. ஜெய்னுவே ஒருநாள், "சீட்டு நாறிப்போகும்டா கூறுகெட்டவனே" என்று அவனை ஏசியிருக்கிறார்.

"நான் வேணாம்னுதான்ணே சொன்னேன்," என்றான் பால்சாமி. அவன் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "அவதான் கேக்கல. துக்கத்தோட வர்றவுகள வெயில்ல நிப்பாட்டிக் காயப்போடுவீகளாக்கும், அது என்ன கருவாடான்னு சண்டைக்கு வருவா. போன மாசம் போட்ட சண்டையும் அதுக்குத்தான். சீட்டெல்லாம் பாழாப்போகுதுடின்னு கத்துனேன். தெருவுக்கே கேட்டுச்சு."

ஊர் பேசிய சண்டை அதுதான். மருதுபாண்டி எள்ளைக் கையில் வைத்தபடி அசையாமல் இருந்தார். அவருக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அமாவாசை அன்னைக்கு எங்கய்யாவுக்கு எள்ளுந்தண்ணி குடுத்துட்டு வந்தோம்," என்றார் மருதுபாண்டி கடைசியில். "கூட்டத்துல மாத்துத்துணிப் பை தொலைஞ்சுபோச்சு. நான் காஞ்சதும் பஸ்ஸுல வாரேன்னுதான் சொன்னேன் பாய். அவதான், காத்துல நடுங்குறியேண்ணே, ஏறுண்ணேன்னு கையப் புடிச்சு இழுத்தா. இந்த சீட்டுலதான் உக்காந்தேன். உப்பூரு வரைக்கும் என் வேட்டியில இருந்து சொட்டிக்கிட்டே வந்துச்சு. மறுநாத்தான..."

"ஒருநாள் தண்ணியில களிம்பு ஏறாதுண்ணே," என்று ஜெய்னு அவசரமாகச் சொன்னார். "இது வருசக்கணக்குல வந்தது. எத்தனையோ பேரோட ஈரம்."

அது உண்மைதான். ஆனால் கடைசியாக நனைத்தது யார் என்பதும் உண்மைதான். இரண்டையும் தெரிந்த மனுஷரிடம் ஒன்றை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் என்று காட்ட ஓர் ஆள் இல்லை. இரக்கப்பட்ட ஒருத்தி இருந்தாள், அவளும் போய்விட்டாள்.

மருதுபாண்டி சீட்டை விட்டு இறங்கினார். இறங்கியவர் பாதி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு இங்கன யாரு மாப்ள உக்காந்திருந்தா?" என்று கேட்டார்.

"அவதான் மச்சான்."

"பின்னால படுக்க வைக்கலையா?"

"கடிச்ச காலு கீழயே தொங்கணும், படுக்கவைக்காதன்னு பக்கத்து வீட்டுக்காரக சொன்னாக. வலி தாங்காம..." பால்சாமியின் கை தானாக நீண்டு, அறுபட்ட விரிப்பைத் தொட்டது. "வலி தாங்காம இங்கனதான் ஊண்டி ஊண்டி மிதிச்சுக்கிட்டு வந்தா. நான் சாவியத் திருகத் திருக அவ மிதிச்சுக்கிட்டே..."

அவன் கண்ணில் அது வந்து விழுவதை ஜெய்னு பார்த்தார். கால் தூக்கினால் எரிந்த விளக்கும், மிதித்தால் அணைந்த விளக்கும்.

"ஏலே, இங்க பாரு," என்று ஜெய்னு அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "நான் சொல்றதக் கேளு. அது அமாவாசைக்கு மறுநா. விரிப்பு சதசதன்னு ஊறிக் கெடந்திருக்கும். காலை எடுத்தாலும் அன்னைக்கு வந்திருக்காது. இன்னைக்குக் கொஞ்சம் காஞ்சிருக்கு, அதான் காலை எடுத்ததும் வருது. வெளங்குதா? எடுத்தாலும் வந்திருக்காதுடா."

பால்சாமி தலையாட்டினான். நம்பினானா இல்லையா தெரியாது. அப்படித்தான் இருந்திருக்கும் என்று ஜெய்னுவுக்கும் உறுதியில்லை. யா அல்லாஹ், இதைப் பொய்யாக மட்டும் ஆக்கிவிடாதே என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டார்.

சொன்ன சொல் மாறாமல் மறுநாளே மருதுபாண்டி கனகலட்சுமியைக் கொண்டுவந்து விட்டார். ஊர் வாயும் ஒருவாறு அடங்கியது. ஜெய்னு கெட்ட ஒயரை வெட்டி எறிந்துவிட்டு, புதுசு போட்டு, ஜாயிண்ட்டை மீட்டர் போர்டுக்குப் பின்னால் உயரத்தில் தூக்கிக் கட்டினார். விரிப்பை மாற்றினார். இனி அந்த வண்டிக்குள் கடலையே கொண்டுவந்து ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது. பால்சாமி சாவியை வாங்கிக்கொண்டான், ஆனால் வண்டியை எடுக்கவில்லை.

அடுத்த அமாவாசை வந்தது. வீரலட்சுமிக்கு எள்ளும் தண்ணியும் கொடுக்க வேண்டும். ஜெய்னுதான் ஓட்டிப்போனார். அக்கினி தீர்த்தக் கரையில் ஒரு பாய் காரை ஓரங்கட்டிப் போட்டுக்கொண்டு நிற்பதை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. அங்கே அவரவருக்கு அவரவர் செத்தவர்கள். பால்சாமியும் மருதுபாண்டியும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எள்ளை இறைத்தார்கள். பிள்ளையையும் ஒரு முழுக்குப் போட வைத்தார்கள்.

கனகலட்சுமிதான் முதலில் ஓடிவந்தாள். பாவாடை காலோடு ஒட்டியிருந்தது, பல் தந்தியடித்தது. கார்க் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"ஏறாத!" என்று பின்னால் பால்சாமி கத்தினான். கரையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படியான கத்தல். "ஏறாத! ஏறாத! எறங்குத்தா!"

பிள்ளை பயந்து இறங்கிவிட்டது. பால்சாமி மூச்சிரைக்க ஓடிவந்து அவளுக்கும் காருக்கும் நடுவே நின்றான். அவன் வேட்டியிலிருந்து தண்ணீர் மணலில் சொட்டியது. மருதுபாண்டியும் வந்து சேர்ந்தார், நாலு அடி தள்ளியே நின்றுகொண்டார். இரண்டு ஆம்பிளைகளும் வெயிலைப் பார்த்துத் திரும்பி, கைகளை விரித்து, துணி காயட்டும் என்று நின்றார்கள். நடுவில் அந்தப் பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தது.

"அய்யா, குளுருது," என்றது.

"காயட்டும்த்தா. செத்த நேரந்தான்."

கனகலட்சுமி அப்பாவை அண்ணாந்து பார்த்தாள். கோபமோ பிடிவாதமோ இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "அம்மா இருந்தா ஏறச் சொல்லும்ல?"

பெண்டாட்டி செத்த அன்று அழாத பால்சாமி, சுடுகாட்டில் அழாத பால்சாமி, பட்டறையில் வாய்க்குள்ளேயே குமுறிய பால்சாமி, அந்த மணலில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். மருதுபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒயரை மேலே தூக்கிக் கட்டியாச்சு, இனி எத்தனை பேர் நனைந்து வந்தாலும் ஒன்றும் ஆகாது, ஏறுங்கள் என்று சொல்ல ஜெய்னு வாயெடுத்தார். இதை ஒரு மாசத்துக்கு முன்னால் செய்திருந்தால் என்கிற நினைப்பு வந்து தடுத்துவிட்டது. பிள்ளையைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, மற்ற இருவருக்காகப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார். அவர்கள் ஏறவில்லை.